தலைக்கு மேலே போன பந்து

2005-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். துபாயில் வெயில் தணிந்து, காலையில் வெளியே நிற்கலாம் என்கிற நிலை வந்திருந்தது. அப்போது நாங்கள் அல் குசைஸில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். ஏ.சி. குழாய்கள் செய்து விற்கும் ஒரு கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. மனைவியும், இரண்டாம் வகுப்புப் படித்த மகளும் கூடவே இருந்தார்கள். திருச்சியில் கல்லூரிக் காலத்தில் கொஞ்சம் கிரிக்கெட் ஆடியவன் என்பதால், கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மணல் மைதானத்தில் வெள்ளிக்கிழமை காலைகளில் கூடும் அணிக்கு என்னைக் கேப்டனாக்கி வைத்திருந்தார்கள். கேப்டன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் சேர வியாழக்கிழமையே போன் போட வேண்டும், டென்னிஸ் பந்துக்கு டேப் சுற்ற வேண்டும், சண்டை வந்தால் நடுவில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்களில் பாதிப் பேர் கட்டடத்து ஆட்கள். மீதிப் பேர் பக்கத்து லேபர் கேம்பிலிருந்து நடந்து வருகிறவர்கள். மைதானத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். விக்கெட் கீப்பர் மொபைல் கடை வைத்திருந்தார், அவர் நெல்லை. சாரம் கட்டும் வேலையில் இருந்த ஒல்லியான ஒருவர், அவர் அரியலூர். இந்தக் கதைக்கு இவர்கள் இரண்டு பேர் போதும். இன்னொருவர்தான் முக்கியம். அவர் எங்கள் ஆள் இல்லை. ஆட்டமே தெரியாதவர்.

எங்கள் கட்டடத்தில் ஒரு மாடியை ஒரு பள்ளிக்கூடம் தன் ஆசிரியர்களுக்காக வாடகைக்கு எடுத்திருந்தது. அதில் ஓர் அமெரிக்க ஆசிரியையும் கணவரும் இருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்ததும், பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஆசிரியையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஆறடிக்கு மேல் உயரம். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், நடக்கும்போது கப்பல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவார். ஒருநாள் லிஃப்டில் என்னிடம், "வெள்ளிக்கிழமை ஆனால் கட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே, நானும் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். தாராளமாக வாருங்கள் என்றேன். கிரிக்கெட் தெரியாத வெள்ளைக்காரர் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் போகவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டு, தன் மகளின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அவர் பேட்ஸ்மேனைப் பார்க்கவே இல்லை. பந்து போடுபவரையும் பார்க்கவில்லை. அவர் முகம் முழு நேரமும் தூரத்தில் எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கிறவர்கள் மீதே இருந்தது. நாங்கள் சிக்ஸர் அடித்துக் குதித்தபோது சும்மா இருந்தார். யாரோ ஒருவர் ஓடிப்போய் ஒரு ரன்னைத் தடுத்ததற்கு எழுந்து நின்று கைதட்டினார்.

"என்னவே கேப்டன், உம்ம விருந்தாளி தப்புத் தப்பா கைதட்டுதாரு" என்றார் நெல்லை.

ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து முதலில் கேட்டது அரியலூரைப் பற்றித்தான். அன்று இரண்டு பந்துகள் அரியலூரின் தலைக்கு மேலே போயிருந்தன. இரண்டுக்கும் அவர் பின்பக்கமாகவே தத்தித் தத்தி ஓடி, மணலில் மல்லாந்து விழுந்தார். எங்களுக்கு அது வாராவாரம் பார்க்கிற சிரிப்பு.

"அந்த விளக்குக் கம்பத்துக்கிட்ட நின்னாரே, அவர் எவ்வளவு வேகமா ஓடுறார்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அமெரிக்கர். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு நினைவிருக்கிற மாதிரி தமிழில் சொல்கிறேன்.

"வேகமா ஓடி என்ன பிரயோஜனம்? ஒரு பந்தைக்கூடப் பிடிக்க மாட்டாரே" என்றேன்.

"கால் இருக்கு. இடுப்பு மட்டும்தான் பயப்படுது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கஃபேட்டீரியாவில் டீ குடிக்கக் கூட்டிப் போனேன். அங்கேதான் அவர் யார் என்று தெரிந்தது. அமெரிக்கன் ஃபுட்பாலில் முப்பது வருடங்களுக்கு மேல் கோச்சாக இருந்தவர். நம் ஊர் ஃபுட்பால் இல்லை அது. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, கையால் பிடித்து, ஆளை ஆள் இடித்துத் தள்ளும் ஆட்டம். அதிலும் மொத்த அணிக்கும் இவர் கோச் இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர் உண்டாம். இவருடையது தற்காப்பில் கடைசி வரிசை. எதிராளி வெகுதூரம் எறியும் பந்தைத் தங்கள் தலைக்கு மேலே போகவிடாமல் தடுக்கிறவர்கள். பந்தைப் பிடிக்க ஒருவன் முன்னால் பார்த்து முழு வேகத்தில் ஓடி வருவான். இவருடைய ஆள் அவனைப் பார்த்தபடியே பின்னால் ஓடி, சரியான கணத்தில் இடுப்பைத் திருப்பி, அவனோடு சேர்ந்து ஓட வேண்டும். அவன் எங்கே போகப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது.

"அப்படின்னா தோற்கிறதுக்குன்னே ஏற்பட்ட வேலையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். "என் ஆளுங்க ஒழுங்கா வேலை செஞ்சா டி.வி.யில யாரும் அவங்க பேரைச் சொல்ல மாட்டாங்க. பேரைச் சொன்னாங்கன்னா ஏதோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார். கொஞ்சம் சொல்லித்தரட்டுமா என்று கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு கூச்சம் இருந்தது. அவ்வளவு பெரிய ஆட்டத்தில் இருந்தவர், மணலில் டேப் பந்து ஆடும் எங்களிடம் அனுமதி கேட்டு நின்றார். சரி என்றோம். நாங்கள் பந்தை எடுத்தோம். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு மணி நேரமும் பந்தே கொடுக்கவில்லை. பின்னால் ஓடு, திரும்பு, ஓடு. இடது பக்கம் திரும்பு, ஓடு. தோளுக்கு மேலே வானத்தைப் பார், ஓடு. சாலையில் போன டாக்ஸிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பந்து பிடிக்கிற பிராக்டிஸுக்குப் பந்தே 'மாஃபி'யா?" என்று நெல்லை மூச்சிரைக்கக் கத்தினார். வளைகுடா அரபியில் 'மாஃபி' என்றால் இல்லை.

கோச்சுக்குத் தமிழ் தெரியாது. அரியலூருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தவை, கிளம்பு என்பதற்கு 'யல்லா', முடிந்தது என்பதற்கு 'கலாஸ்' என்ற இரண்டு அரபுச் சொற்கள். அவையும் கோச் துபாய் வந்த பிறகு கற்றுக்கொண்டவை. அவர் அரியலூரின் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்து, கதவைத் திறக்கிற மாதிரி ஒரு பக்கம் திருப்புவார். "யல்லா" என்பார். அரியலூர் ஓடுவார். சரியாக ஓடினால், தன் தேய்ந்த முட்டியோடு கோச்சும் நாலடி கூடவே ஓடுவார். இன்னொன்றும் சொன்னார். உயரமாக வரும் பந்துக்கு இரண்டு பேர் ஓடி மோதிக்கொள்ளக் கூடாது, பிடிக்கப் போகிறவர் கத்த வேண்டும். எந்த வார்த்தை என்று பேசி, 'எனக்கு' என்று முடிவாயிற்று. அந்த மனிதர் அல் குசைஸ் மைதானத்தில் நின்றுகொண்டு "எனாக்கு! எனாக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

ஒரு நாள் மாலை அவரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். தோசை. நாம் கேள்வியே கேட்க வேண்டாம், ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகமே மாறிவிடும். எங்கள் மேஜையில் இருந்த டம்ளர்கள், கரண்டிகள், சட்னிக் கிண்ணம் எல்லாவற்றையும் நகர்த்தி, யார் எங்கே நிற்பார்கள், பந்து எங்கிருந்து வரும் என்று விளக்கினார். சாம்பார் வாளிதான் எதிரணியின் வேகமான ஆள். அதைத் துரத்திக்கொண்டு உப்பு ஜாடி ஓடியது.

"ஏங்க, தோசை ஆறுதுங்க. முதல்ல அவரைச் சாப்பிட விடுங்க" என்றாள் என் மனைவி. நானா பேசிக்கொண்டிருந்தேன்?

அவர் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். கல்லூரியில் இதே கடைசி வரிசையில் ஆடினார். பெரிய அணிகள் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வேகம் போதவில்லை. படிப்பு முடிந்ததும் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுத்துக்கொண்டே சாயங்காலம் பையன்களுக்குக் கோச்சானார். அங்கிருந்து ஒரு கல்லூரி, பிறகு இன்னொரு கல்லூரி, பிறகு சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிகள். எங்கே போனாலும் இதே வேலைதான், கடைசி வரிசைக்குக் கோச். தலைமைக் கோச்சை நீக்கினால் அவரோடு இருந்த எல்லோரையும் நீக்கிவிடுவார்களாம். அப்படிப் பலமுறை வேலை போயிருக்கிறது. ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.

"எங்க வீட்டுச் சமையலறைச் சாமான்ல ஒரு பெட்டியை நான் பிரிச்சதே இல்லை" என்றார் அவர் மனைவி. "பிரிச்சா உடனே வேற ஊருக்குப் போகச் சொல்லிடுவாங்கன்னு ஒரு பயம்."

தலைமைக் கோச் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டதில்லையா என்று கேட்டேன். ஒருமுறை ஒரு கல்லூரி கூப்பிட்டதாம். போனாராம். நன்கொடை திரட்டுவது, பத்திரிகைக்காரர்களைச் சமாளிப்பது என்று பேசிக்கொண்டே இருந்தார்களாம், ஒருவர்கூட ஆட்டக்காரரின் கால்களைப் பற்றிப் பேசவில்லையாம். திரும்பி வந்துவிட்டார். அந்த வருடத் தொடக்கத்தில்தான் கடைசி அணியும் அவரை வேலையிலிருந்து அனுப்பியிருந்தது. அவர் எங்களோடு இருந்த இந்த மாதங்கள்தான் அங்கே ஆட்டம் நடக்கிற பருவம். முப்பது வருடங்களுக்கும் மேலாக அந்த மாதங்களில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. "காலையில எந்திரிச்சா கையை எங்கே வெச்சுக்கிறதுன்னு தெரியல" என்றார். அவர் மனைவி அவர் தட்டில் இன்னொரு தோசையை எடுத்து வைத்தார்.

டிசம்பரில் அக்கம்பக்கத்து அணிகள் சேர்ந்து ஒரு போட்டி நடத்தின. எங்கள் பிரிவில் இரண்டு ஆட்டங்கள். இரண்டில் ஒன்றையாவது ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. முதல் ஆட்டத்தில் நன்றாகத்தான் ஆடினோம். கடைசி ஓவரில் எதிரணியின் நல்ல பேட்ஸ்மேன் தூக்கி அடித்தார். பந்து நேராக அரியலூரிடம் போனது. ஓட வேண்டிய அவசியமே இல்லை. நின்ற இடத்தில் கையில் விழுந்தது. தெறித்துக் கோட்டைத் தாண்டிப் போனது. தோற்றோம்.

யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் மட்டும் தனியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கேம்புக்கு நடந்தார்.

அந்த வாரம் எனக்குப் போன் மேல் போன். நெல்லை கடையிலிருந்தே கூப்பிட்டார். "கேப்டன், நான் மனசுல ஒண்ணும் வெச்சுப் பேசல. ஆளு நல்லவன்தான். ஆனா அடுத்த மேட்சு போச்சுன்னா வருஷம் பூரா மத்த டீம்காரனுவ கேட்டுக் கேலி பண்ணிக்கிட்டே இருப்பானுவ. அவனை வெளியே உக்கார வைங்க, இல்லன்னா பந்தே வராத இடத்துல நிறுத்துங்க." மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். புதன்கிழமை டூட்டி முடிந்து அரியலூரே எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்து நின்றார். மேலே வரச் சொன்னேன், வரவில்லை.

"சார், என்னை எடுத்துடுங்க" என்றார். "ரூம்ல பசங்க தட்டைக் கையில குடுக்கறப்பகூட, 'பாத்துடா, விட்டுடப்போற'ங்கிறானுங்க. வெளையாட்டுக்குத்தான் சொல்றானுங்க. ஆனா சாரத்து மேல நிக்கறப்போ அது ஞாபகத்துக்கு வருது சார். பைப்பைக் கையில வாங்கறப்போ கை நடுங்குது. எனக்கு இது வேணாம்."

உயரத்தில் நிற்கிறவருக்குக் கை நடுங்கினால் அது விளையாட்டு விஷயம் இல்லை. எடுத்துவிடுவதுதான் அவருக்கும் நல்லது என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். தொழில்முறை ஆட்டத்தில் இருந்தவர், ஈவிரக்கம் பார்க்க மாட்டார், நான் வருத்தப்படாமல் அரியலூரை எடுக்க ஒரு நியாயம் சொல்லித் தருவார் என்று எதிர்பார்த்தேன்.

பேரக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, கல்லூரியில் கோச்சாக இருந்த முதல் வருடங்களில் நடந்ததைச் சொன்னார்.

அவரிடம் ஓர் ஆட்டக்காரர் இருந்தாராம். அருமையான கால்கள். அந்த வருடத்தின் முக்கியமான ஆட்டத்தில் எதிராளி நீளமாக எறிந்த பந்து அவர் தலைக்கு மேலே போய்விட்டது. அரங்கம் முழுக்கக் கூட்டம். ஆட்டக்காரரின் அப்பாவும் கூட்டத்தில் இருந்தார். கோச் உடனே, அந்த இடத்திலேயே, அவரை வெளியே கூப்பிட்டு வேறொருவரை அனுப்பினார்.

"தோத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, ஜெயிச்சோம். எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க. துணிச்சலான முடிவுன்னாங்க." கொஞ்ச நேரம் குழந்தையின் முதுகைத் தட்டினார். "மறுநாள் அவன் பயிற்சிக்கு வந்தான். நல்லாத்தான் செஞ்சான். ஆனா ஒவ்வொரு தடவை பந்து கிளம்பும்போதும் முதல்ல என் முகத்தைப் பார்த்தான். அப்புறம்தான் பந்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கிற நேரத்துல பந்து போயிடும். அந்த வருஷக் கடைசியில அவன் ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிட்டான். பந்து அவன் தலைக்கு மேலே போனது ஒரு தடவைதான். மிச்சத்தைக் கெடுத்தது நான்."

அதற்குப் பிறகு ஒரே ஒரு பந்துக்காக யாரையும் வெளியே எடுத்ததில்லை என்றார். ஒரு பெரிய அணியில் இருந்தபோது, தவறவிட்டவரை எடுக்கும்படி தலைமைக் கோச் காதில் கத்தியிருக்கிறார். இவர் முடியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த வருடத்தோடு அந்த வேலை போயிற்று. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்தது, நனைந்தோம் என்கிற மாதிரி சொன்னார்.

"நீங்கதான் கேப்டன். முடிவு உங்களுடையது" என்று கதவுவரை வந்து வழியனுப்பினார்.

நான் அரியலூருக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வாருங்கள், அதே இடம்தான் என்றேன். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். வருவாரா என்பதே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. நெல்லையிடம் சொன்னபோது அவர், "உம்ம இஷ்டம்வே" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அரியலூரும் வந்தார். நண்பகல் ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் ஆட்டம் முடிந்தாக வேண்டும் என்பதால் வெயில் ஏறுமுன்னே தொடங்கிவிட்டோம். நாங்கள் முதலில் ஆடி ஓரளவு ரன் எடுத்தோம். கோச் வழக்கம்போல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எதிரணி ஆட வந்து கொஞ்ச நேரத்திலேயே பந்து உயரே போனது. எங்கே போகும்? அரியலூரிடம்தான். இந்தமுறை தலைக்கு மேலே. அவர் இடுப்பைத் திருப்பினார், ஓடினார், எல்லாம் சரியாகத்தான் செய்தார். கடைசி நொடியில் ஒரு கணம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பந்து விரல் நுனியில் பட்டு விழுந்தது.

"ஏலே!" என்று நெல்லை இரண்டு கையுறைகளையும் கழற்றித் தரையில் எறிந்தார். பந்து போட்டவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் கோச்சைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் குனிந்தார் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

நான் அரியலூரிடம் நடந்து போனேன். அவர் அதற்குள் வெளியே போக இரண்டடி எடுத்து வைத்திருந்தார்.

"எங்கே போறீங்க?"

"இல்ல சார்... வேற யாராச்சும்..."

"இது உங்க இடம். இங்கேயே நில்லுங்க. பந்து வந்தா பந்தைப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க. நான் உங்களை மாத்தப் போறதில்லை."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். உள்ளுக்குள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தோற்றால் அத்தனை பேரின் முகத்திலும் எப்படி முழிப்பது என்ற பயம். நின்ற இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, அரியலூர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆட்டம் இழுபறியாகப் போயிற்று. அவர்களுக்குச் சில ரன்கள் தேவை, எங்களுக்கு ஒரு விக்கெட் தேவை என்கிற நிலை. அவர்களுடைய பேட்ஸ்மேன் காலை மடித்து ஓங்கி அடித்தார். பந்து எல்லோர் தலைக்கும் மேலே ஏறியது. காற்று வேறு. எங்கள் ஆள் இன்னொருவரும் அதற்கு ஓட ஆரம்பித்துவிட்டார். அப்போது அந்தக் குரல் கேட்டது. அதுவரை எந்தப் பந்துக்கும் குரல் கொடுக்காத அரியலூரின் குரல். "எனக்கு!"

ஓடிய மற்றவர் சட்டென்று நின்றுவிட்டார். அரியலூர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினார். யாரையும் பார்க்கவில்லை. தலை மட்டும் தோளுக்கு மேலே திரும்பியிருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பந்தை ஏதோ தண்ணீரை ஏந்துகிற மாதிரி வாங்கினார். அப்படியே மணலில் குப்புற விழுந்து புரண்டார். எழுந்தபோது தலை, மீசை எல்லாம் மணல். கையில் பந்து.

முதலில் போய் அவரைக் கட்டிப்பிடித்தவர் நெல்லைதான். பிறகு யார் யார் என்று தெரியவில்லை. எல்லோரும் அவர் மேல் விழுந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு கோச் ஆடி ஆடி நடந்து வந்தார். அரியலூரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னிடம் திரும்பி, "நான் சொல்றதை அப்படியே இவர்கிட்ட சொல்லுங்க" என்றார். கேட்சைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் கைகுடுத்தது இந்தப் பந்தைப் பிடிச்சதுக்கு இல்லை. முதல் பந்தை விட்ட பிறகு அதே இடத்துல நின்னாரே, அதுக்கு. என் வேலையில அதைவிடக் கஷ்டமானது எதுவும் கிடையாது. பேர் பெற்ற எத்தனையோ ஆளுங்களுக்கு அது முடியலை."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அரியலூர் கோச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இவரு, பிடிச்சதை விட்டுட்டு, விட்டதுக்குப் போயி கைகுடுக்குறாரு?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மணல் விழுந்துவிட்டது என்றார்.

அடுத்த சுற்றில் நாங்கள் மோசமாகத் தோற்றோம். அதில் அரியலூருக்கு ஒரு பந்துகூட வரவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

புது வருடம் பிறந்த கொஞ்ச நாளில் கோச் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. ஊரிலிருந்து போன் வந்ததாம். முன்பு அவரிடம் ஆடிய ஒருவர் இப்போது ஒரு சிறிய கல்லூரியில் தலைமைக் கோச் ஆகியிருக்கிறாராம். கடைசி வரிசையைப் பார்த்துக்கொள்ள வர முடியுமா என்று கேட்டாராம். சம்பளம், வீடு, ஊர் எதையும் இவர் கேட்டதாகத் தெரியவில்லை. "நல்ல கால்கள் ரெண்டு மூணு பேருக்கு இருக்காம்" என்று மட்டும் சொன்னார். அந்த வயதில் ஒரு மனிதரின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய மனைவி பின்னால் நின்று, "மறுபடியும் பெட்டி கட்டணும்" என்று தலையில் அடித்துக்கொள்வது போல் செய்தார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அரியலூரை அவருடைய கம்பெனி சில மாதங்களில் அபுதாபி சைட்டுக்கு மாற்றிவிட்டது. போகுமுன் வந்து சொல்லிக்கொண்டு போனார். கை நடுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் போயிருச்சு சார். மேல நிக்கறப்போ கீழ யாரு என்ன சொல்றான்னு இப்பல்லாம் பாக்கறதில்ல" என்றார். அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் இன்னும் சில வருடங்கள் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். இப்போது திருச்சியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனிக்கிறேன். துபாயில் எவ்வளவோ பெரிய மனிதர்களை எட்ட நின்று பார்த்திருக்கிறேன். உயரமான கட்டடங்கள் கட்டியவர்களை, கடை மேல் கடையாகத் திறந்தவர்களை. அவர்களையெல்லாம் வியந்ததுண்டு. ஆனால் ஒரு தொழிலை இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது, தன் பெயரும் தன் ஆட்களின் பெயரும் வெளியே தெரியாமல் இருப்பதையே வெற்றியாக நினைத்து வாழ்நாளையே கழித்த அந்த ஒருவரைப் பார்த்துத்தான்.

என் கீழே வேலை செய்கிறவர்கள் தவறு செய்யும்போது எனக்கு இன்றும் கோபம் சுரீரென்று வரத்தான் செய்கிறது. ஆனால், அந்தக் கணத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதுதான் அவர்களிடம் வெகுகாலம் தங்கப் போகிறது என்று எனக்குத் தெரிவதால், வாயைத் திறக்குமுன் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறேன்.